மையம் நடத்தத் தரும் பணத்தில், மையத்தைச் சீராக்கும் ஆய்வுக்கும் ஒரு பங்கு வையுங்கள்

பெறுநர்: கடலூர், நெய்வேலி, புதுச்சேரி வட்டாரத்தில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கையாளும் குழுவினர், அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். கடலூர் நகரை ஒட்டிய மீனவக் கிராமங்களிலும் குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஊர்கள் சிலவற்றிலும் நடக்கும் மாலை நேர மையங்களை ஒருங்கிணைக்கும் வேலையில் இருக்கிறேன். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குப் படிப்பும் விளையாட்டும், பத்தாவது, பன்னிரண்டாவது முடித்தவர்களுக்கு அடுத்து எங்கே போகலாம் என்ற வழிகாட்டலும்தான் எங்கள் வேலை. எங்களைப் போன்ற பல மையங்கள் உங்கள் நிதியை நம்பித்தான் நடக்கின்றன. கொடுக்கிற மனசுக்கு நன்றி. அதோடு ஒரு கோரிக்கையை எல்லோர் முன்னிலையிலும் வைக்க வேண்டும் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

இளைஞர் திட்டங்களுக்கென்று நீங்கள் ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை, அந்தத் திட்டங்களை எப்படி மேம்படுத்துவது என்று கண்டறியும் ஆய்வுக்குத் தனியாக வையுங்கள். அந்த ஆய்வை மையத்தில் பாடம் நடத்துகிறவர்களோடு சேர்ந்து செய்யச் சொல்லுங்கள். குறைந்தது மூன்று ஆண்டுக்குக் கொடுங்கள்.

"இப்போதே இம்பாக்ட் அசெஸ்மென்ட் ரிப்போர்ட் (தாக்க மதிப்பீட்டு அறிக்கை) வாங்குகிறோமே" என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், வாங்குகிறீர்கள். அந்த ரிப்போர்ட் எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

எங்கள் மையம் ஒன்றில் பாடம் நடத்துகிறவர் அதே ஊர்ப் பெண். பி.எஸ்சி. முடித்தவர். பிள்ளைகளுக்கு அவர் அக்கா. வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளை வரவில்லை என்று குறி போடுவதோடு அவர் விடமாட்டார். பக்கத்திலேயே பென்சிலில் ஒரு சொல் எழுதி வைப்பார். "ஏலம்." "தம்பி." "லைட் இல்ல." "போட்." "மாமா வீடு." ஏலம் என்றால், பையன் கரையில் மீன் ஏலம் நடக்கும் இடத்துக்கு ஒத்தாசைக்குப் போய்விட்டான். தம்பி என்றால், அம்மா மீன் கூடையோடு மஞ்சக்குப்பத்துக்கோ திருப்பாதிரிப்புலியூருக்கோ விற்கப் போய் இன்னும் திரும்பவில்லை, அதனால் தம்பியைப் பார்த்துக்கொண்டு பெண் வீட்டில் இருக்கிறாள். லைட் இல்ல என்றால், மையத்துக்கு வரும் தெருவில் விளக்கு எரியவில்லை, வயசுக்கு வந்த பெண்ணை வீட்டில் அனுப்பவில்லை.

சில மாதப் பக்கங்களைப் புரட்டினாலே ஒரு கணக்கு தெரிந்துவிடும். ஆறாவதிலிருந்து எட்டாவது வரை படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு நேராகத் "தம்பி" என்ற சொல்தான் அதிகம். பையன்களுக்கு நேராக "ஏலம்", "போட்" இரண்டும் ஏப்ரல் பாதிக்கு மேல் கூடுகின்றன. வெளியூர்க்காரர்கள் இதை நேர்மாறாக நினைப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஆகவே பையன்கள் சும்மா இருப்பார்கள், கோடை வகுப்புக்குத் தோதான காலம் என்பார்கள். ஆனால் ஃபைபர் படகுகள் போகின்றன. விசைப்படகு மீன் வராத நாளில் அந்த மீனுக்கு நல்ல விலை. பதினைந்து வயசுப் பையனுக்கும் கரையில் கைவேலை கிடைக்கிறது, அன்றைக்கே கையில் காசும் வருகிறது. கோடை வகுப்பை எப்போது வைக்க வேண்டும், காலையிலா மாலையிலா, எந்த வயதுக்கு எந்த நேரம் என்பதற்கெல்லாம் பதில் அந்தப் பென்சில் எழுத்தில் இருக்கிறது.

அந்த அக்கா யாரும் சொல்லாமலே ஒரு மாற்றம் செய்தார். தம்பி தங்கைகளையும் கூடவே கூட்டி வரலாம் என்று சொல்லி, மூலையில் ஒரு பாய் விரித்து, நாலைந்து சிலேட்டு, கொஞ்சம் பிளாஸ்டிக் கட்டைகள் போட்டு வைத்தார். பெண் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். சரி, நல்லதுதான். ஆனால் சின்னதுகளின் சத்தத்தில் பெரிய பிள்ளைகளின் பாடம் எவ்வளவு கெடுகிறது? வந்த பெண் பிள்ளைகள் தொடர்ந்து வருகிறார்களா? கடற்கரை ஊரில் பலித்தது, முந்திரித் தோப்பு ஊரிலும் பலிக்குமா? இதற்கெல்லாம் எங்களிடம் பதில் இல்லை. கண்டுபிடிக்க ஒரு ஆள் வேண்டும், கொஞ்சம் நேரமும் பணமும் வேண்டும். அந்த ஆண்டு நிதி கொடுத்த நிறுவனத்தின் படிவத்தில் இதற்கு இடமே இல்லை. மதிப்பீட்டுக்கு வந்தவர் பதிவேட்டிலிருந்து எண்களை மட்டும் எடுத்துக்கொண்டார். பென்சில் எழுத்தைப் பார்க்கவில்லை. அவர்மேல் தப்பு சொல்ல மாட்டேன். அவர் கையில் கொடுத்தனுப்பிய படிவம் எத்தனை பயனாளிகள், எத்தனை வகுப்புகள், எத்தனை நோட்டுகள் என்றுதான் கேட்டது.

அடுத்தது காலக் கணக்கு. இதை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் கடலூரில் மையம் நடத்தும் எவரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். பள்ளி ஜூனில் திறக்கிறது. நிதி கையெழுத்தாகி வங்கிக் கணக்குக்கு வர ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடுகிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. இந்த மாவட்டத்தில் மழை என்றால் சும்மா மழை இல்லை. 2011 டிசம்பர் 30 தானே புயலையும், 2015 நவம்பர் வெள்ளத்தையும் இங்கே யாரும் மறக்கவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் தாழ்வான ஊர்களில் மையம் பல நாள் பூட்டிக் கிடக்கும், சில சமயம் மையமே நிவாரண முகாம் ஆகிவிடும். அப்புறம் பொங்கல். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. மார்ச் 31-க்குள் உங்களுக்குக் கணக்கு முடிய வேண்டும், ரிப்போர்ட் வேண்டும். ஓராண்டுத் திட்டம் என்று காகிதத்தில் இருப்பது, பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து பாடம் நடத்திய நாட்களாகப் பார்த்தால் நாலு மாதம் தேறினால் பெரிது. அந்த நாலு மாதத்தில் ஒரு பிள்ளையின் வாசிப்பு எவ்வளவு முன்னேறியது என்று கேட்டு, அதை வைத்து அடுத்த ஆண்டு நிதி உண்டா இல்லையா என்று முடிவு செய்கிறீர்கள்.

சட்டம் இப்படித்தான் செய்யச் சொல்கிறதா என்றால், இல்லை. நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவு, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது. 2021-இல் வந்த திருத்த விதிகளில் 'தொடர் திட்டம்' என்ற ஏற்பாடே இருக்கிறது. தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டு வரை ஒரே திட்டத்தை நடத்தலாம். செலவாகாத பணத்தை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் அதற்கென்று தனி வங்கிக் கணக்கில் போட்டுவைத்து, அடுத்த மூன்று ஆண்டுக்குள் செலவிடலாம். ஆக, மார்ச் 31 என்ற கத்தி எங்கள் தலைக்கு மேல் தொங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

தாக்க மதிப்பீடு பற்றியும் விதி தெளிவாக இருக்கிறது. சமூகப் பொறுப்புக் கடமை சராசரியாக 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம், 1 கோடியும் அதற்கு மேலும் செலவான திட்டத்துக்கு, அது முடிந்து குறைந்தது ஓராண்டு கழித்து, வெளியாளை வைத்து மதிப்பிட வேண்டும். பெரிய திட்டங்களில் பணம் வீணாகவில்லையா என்று பார்க்க இது தேவைதான். ஆனால் திட்டம் முடிந்து ஓராண்டு கழித்து வரும் அறிக்கை அந்த மையத்துக்கு எதற்கு உதவும்? அறுவடை முடிந்து நெல்லும் விற்ற பிறகு மண் பரிசோதனை செய்வது போன்றது அது. எங்களைப் போன்ற சின்ன மையங்களின் செலவோ அந்த 1 கோடியின் பக்கத்தில்கூட வராது. அதனால் எங்களை யாரும் உட்கார்ந்து பார்ப்பதும் இல்லை.

ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார், நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று என்னிடமே சிலர் சொல்லியிருக்கிறார்கள். விதியின் வரையறையைப் படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். குறிப்பிட்ட ஒரு திட்டத்தை வடிவமைக்கவும், நடத்தவும், கண்காணிக்கவும், மதிப்பிடவும் நேரடியாக ஆகும் செலவு அந்த 5 சதவீத நிர்வாகச் செலவில் சேராது என்று அங்கேயே எழுதியிருக்கிறது. மையத்தைச் சீராக்கும் ஆய்வைத் திட்டத்தின் உள்ளேயே ஒரு வேலையாக எழுதினால் அது திட்டச் செலவுதான்.

ஆய்வு என்ற ஒன்று ஏன் தேவை, நல்ல மனசும் உழைப்பும் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. போதாது. அமெரிக்காவில் 1939-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு ஊர்களில் சிறுவர்களுக்கு ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஆலோசகர்கள் வீடு தேடிப் போனார்கள், பாடம் சொல்லிக் கொடுத்தார்கள், மருத்துவம் பார்த்தார்கள், கோடை முகாமுக்கு அனுப்பினார்கள். பல ஆண்டு நடந்தது. ஒத்த பின்னணி உள்ள இன்னொரு பாதிச் சிறுவர்களை இந்த உதவி இல்லாமல் விட்டிருந்தார்கள். ஜோன் மெக்கார்டு என்ற ஆய்வாளர் சுமார் முப்பது ஆண்டு கழித்து, அப்போது நடுவயதுக்கு வந்துவிட்ட 506 பேரின் பதிவுகளைத் தேடிப் பிடித்து, 1978-இல் முடிவை வெளியிட்டார். திட்டத்தில் இருந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலோர் தங்களுக்கு உதவியது என்றார்கள். பதிவுகளோ வேறு சொல்லின. மறுபடி குற்றம் செய்வதிலும் குடிப்பழக்கத்தின் அறிகுறிகளிலும் உதவி பெற்றவர்களின் நிலை மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. இதை நான் படித்த நாளிலிருந்து, "பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் சார்" என்ற ஒரு வரியை ரிப்போர்ட்டில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிவதில்லை. பிள்ளைகள் நம்மை நம்பி வருகிறார்கள். நாம் செய்வது அவர்களுக்கு நல்லதா என்று பார்க்கிற கடமை நமக்கு இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது.

ஆனால் 'பலன் இருக்கிறதா, இல்லையா' என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடும் ஆய்வு எங்கே கொண்டு விடும் என்பதற்கும் அங்கேயே சான்று இருக்கிறது. அமெரிக்க மத்திய அரசின் நிதியில் நடக்கும் பள்ளிக்குப் பிந்தைய மையங்களைப் பற்றி ஒரு பெரிய மதிப்பீட்டின் முதல் முடிவுகள் 2003-இல் வந்தன. படிப்பில் பெரிய பலன் தெரியவில்லை என்றன. உடனே அந்த ஆண்டு பட்ஜெட்டில் திட்டத்தின் நிதியை 100 கோடி டாலரிலிருந்து 60 கோடி டாலராகக் குறைக்க அரசு முன்மொழிந்தது. நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை என்பதால் மையங்கள் தப்பின. பிறகு 2007-இல் ஜோசப் டர்லாக், ரோஜர் வைஸ்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். எல்லா மையமும் ஒன்றல்ல என்று தெரிந்தது. திறன்களைப் படிப்படியாகச் சொல்லிக் கொடுப்பது, பிள்ளைகளைச் செய்து பார்க்க வைப்பது, அதற்கென்று நேரம் ஒதுக்குவது, எந்தத் திறனை வளர்க்கிறோம் என்று தெளிவாக வைத்திருப்பது ஆகிய நாலும் சேர்ந்திருந்த திட்டங்களில் பிள்ளைகளின் நடத்தையிலும் படிப்பிலும் முன்னேற்றம் இருந்தது. அவை இல்லாத திட்டங்களில் இல்லை. முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் நல்ல மையத்தையும் சேர்த்தே மூடியிருப்பார்கள்.

நான் உங்களிடம் கேட்பதற்கு மிக நெருக்கமான முன்மாதிரி ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1936-இல் தொடங்கிய வில்லியம் டி. கிராண்ட் அறக்கட்டளை இளைஞர்களைப் பற்றிய ஆய்வுக்கென்றே பணம் கொடுக்கிறது. அதன் நிதியில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2012-இல் வந்தது. 87 பள்ளிக்குப் பிந்தைய மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் ஒரு பகுதி மையங்களில் மட்டும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். மையப் பணியாளர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் உட்கார்ந்து பார்த்து, ஒரு பொதுவான அட்டவணைப்படி குறித்துக்கொள்வார்கள். அதை வைத்து எதை மாற்றலாம் என்று தாங்களே திட்டம் போடுவார்கள். பொறுப்பாளர் கூட இருந்து உதவுவார். அவ்வளவுதான். அந்த மையங்களில் பாடம் நடத்தும் விதம் மேம்பட்டது, பணியாளர்கள் வேலையை விட்டுப் போவதும் குறைந்தது. இதே அறக்கட்டளை நியூயார்க் நகரத்துச் சின்னச் சின்ன இளைஞர் அமைப்புகளுக்கு, தங்கள் சேவையில் உள்ள ஒரு குறையைச் சரிசெய்துகொள்வதற்கென்றே தனி நிதியும் கொடுத்து வந்திருக்கிறது. குறை இருக்கிறது என்று எழுதினால்தான் அந்த நிதியே கிடைத்தது. எங்கள் ஊரில் குறை இருக்கிறது என்று எழுதினால் இருக்கிற நிதியும் போய்விடும் என்ற பயம் இருக்கிறது.

நம் ஊர் உதாரணத்துக்கும் வருகிறேன். தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபரில் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்கள் மாலையில் பாடம் நடத்தினார்கள். அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு, கொரோனாக் காலத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டது என்றும், அந்த மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் கணக்கிட்டது. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அதே கிராமங்களில் 2019-லேயே பிள்ளைகளின் கற்றல் நிலையை அளந்து வைத்திருந்தார்கள். முன்கூட்டியே யாரோ பணம் போட்டு அளந்து வைத்ததால்தான் ஆபத்து வந்தபோது அது கைகொடுத்தது. அதற்கு அடுத்த கேள்வி எங்களுடையது. ஒரே பாடத்திட்டம், ஒரே ஊக்கத்தொகை. ஒரு தெருவில் மையம் நிரம்பி வழிகிறது, அடுத்த ஊரில் பத்துப் பேர் வருவதில்லை. ஏன்? இந்தக் கேள்விக்கு டெல்லியிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஒருவர் வந்து பதில் சொல்ல முடியாது.

பிள்ளைகளின் கல்விக்காக வேலை செய்யும் பிரதம் என்ற தொண்டு அமைப்பின் கதையையும் நிதி கொடுப்பவர்கள் முழுசாகப் படிக்க வேண்டும். 2001 வாக்கில் மும்பையிலும் வதோதராவிலும் உள்ளூர்ப் பெண்களை வைத்துப் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியது பலன் தந்தது. அதையே அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் பயிற்சியும் பாடப்பொருளும் மட்டும் கொடுத்து உத்தரகாண்டில் செய்தபோது பலன் தெரியவில்லை. விட்டுவிடவில்லை. எங்கே அறுந்தது என்று தேடினார்கள். 2012-13-இல் ஹரியானாவில் பள்ளி நேரத்திலேயே தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கி, வகுப்பைப் பார்க்காமல் பிள்ளைகள் இருக்கும் நிலையைப் பார்த்துப் பிரித்து, மேற்பார்வையும் வைத்தபோது இந்தி வாசிப்பு முன்னேறியது. இந்த வரிசை ஆய்வுகளில் முக்கியப் பங்காற்றிய அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் 2019-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அடங்குவார்கள். உத்தரகாண்ட் முடிவைப் பார்த்துவிட்டு அன்றைக்கே நிதியை நிறுத்தியிருந்தால் ஹரியானா நடந்திருக்காது.

இப்போது எங்களுக்கு என்ன வேண்டும் என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

பத்து ரூபாய் கொடுத்தால் அதில் ஒரு ரூபாய் ஆய்வுக்கு என்று வையுங்கள். அந்த ஒரு ரூபாயை நோட்டுப் புத்தகத்துக்கும் சிற்றுண்டிக்கும் கொடுக்கும் பணத்திலிருந்து பிடுங்க வேண்டாம், சேர்த்துக் கொடுங்கள். அதில் பெரும்பகுதி ஆட்களின் நேரத்துக்குப் போக வேண்டும். நான் சொன்ன அந்த அக்கா போன்றவர்கள் வாரத்தில் சில மணி நேரம் பதிவுகளைப் படிக்கவும், வீட்டுக்குப் போய்ப் பேசவும், பக்கத்து மையத்தின் வகுப்பைப் போய்ப் பார்க்கவும் செலவிட்டால் அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இப்போது இதையெல்லாம் அவர்கள் சும்மாவே செய்கிறார்கள். கல்யாணம் ஆனதும், வேறு வேலை கிடைத்ததும் போய்விடுகிறார்கள். அவர்கள் தெரிந்து வைத்திருந்ததும் அவர்களோடு போய்விடுகிறது.

ஆய்வு முறை தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம், கடலூரிலேயே அரசுக் கல்லூரி. ஒரு முதுகலை மாணவர் ஆய்வேட்டுக்காக இரண்டு மாதம் வந்து கேள்வித்தாள் நிரப்பிப் போவது இப்போதே நடக்கிறது. பெரும்பாலும் ஆய்வேடு எங்கள் கைக்கு வருவதே இல்லை. மூன்று ஆண்டு உதவித்தொகை இருந்தால் அதே மாணவர் ஒரு மையத்தோடு கூடவே இருந்து, ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, அளந்து, மறுபடி மாற்றிப் பார்க்க முடியும். கேள்வியை மையம் தேர்ந்தெடுக்கட்டும். தம்பி தங்கைகளுக்குப் பாய் போடலாமா, மாலை ஆறு மணியா ஐந்து மணியா, பத்தாவது பிள்ளைக்குத் தனி அறையா என்று பார்ப்பதற்குச் சின்னதாகத் தெரியும் கேள்விகள்தான். பிள்ளை வருமா வராதா என்பதை அவைதான் முடிவு செய்கின்றன.

முடிவைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தடிமனான ஆங்கில ரிப்போர்ட்டை உங்கள் தலைமையகம் படிக்கலாம், மையத்தில் யாரும் படிப்பதில்லை. நாலு பக்கம் தமிழில் எழுதி, ஊர்ப் பொது இடத்தில் அம்மா அப்பாக்கள் முன்னால் வாசித்துக் காட்டினால், "அது அப்படி இல்ல சார்" என்று அங்கேயே திருத்துவார்கள். அந்தத் திருத்தம்தான் ஆய்வை உண்மையாக்கும். பிள்ளைகளின் விவரம் எடுப்பதில் கண்டிப்பாக இருங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அப்பா குடிக்கிறார், அக்கா பள்ளியை நிறுத்திவிட்டாள் என்று ஒரு பிள்ளை நம்பிச் சொன்னது, பெயரோடும் படத்தோடும் யாருடைய ஆண்டறிக்கையிலும் வரக் கூடாது.

இன்னொன்று, இதை எழுத்தில் கொடுக்க வேண்டும்: மோசமான முடிவு வந்தது என்பதற்காக அந்த மூன்று ஆண்டுக்குள் நிதியை நிறுத்த மாட்டோம். பணம் கையாடல் நடந்தால் நிறுத்துங்கள், பிள்ளைக்கு ஆபத்து என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள். அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் வாசிப்பு முன்னேறவில்லை என்று ஒரு மையம் உண்மையைச் சொன்னால், அந்த உண்மைக்குத் தண்டனை கூடாது. இந்த உறுதி இல்லாதவரை உங்களுக்கு வரும் எண்கள் எல்லாம் நல்ல எண்களாகவே இருக்கும்.

பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தையல், கணினி, ஏசி மெக்கானிக் என்று பயிற்சி நடக்கிறது. எத்தனை சான்றிதழ் கொடுத்தோம் என்பதோடு கணக்கு முடிகிறது. ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் எங்கே இருக்கிறாள், பையன் அதே வேலையில் இருக்கிறானா என்று போன் போட்டுக் கேட்கவாவது ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

புதுச்சேரி எல்லை ஊர்களையும் மறந்துவிடாதீர்கள். முள்ளோடை, கன்னியக்கோயில் பக்கம் ஒரே மையத்தில் இரண்டு அரசுகளின் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன, இந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும் இரண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு கணக்குப் புத்தகம். பாடம் நடத்துகிறவர் என்ன செய்வார்? நிதியோ இந்தப் பக்கத்துக்கு ஒரு நிறுவனம், அந்தப் பக்கத்துக்கு இன்னொரு நிறுவனம் என்று பிரிந்து வருகிறது. இரண்டு பக்கத்து நிறுவனங்களும் சேர்ந்து போடும் ஒரு சின்ன ஆய்வு நிதி இங்கேதான் மிகவும் தேவை.

எல்லோரும் ஒரேயடியாக மாற வேண்டும் என்று கேட்கவில்லை. உங்களில் இரண்டு நிறுவனங்கள் முன்வந்தால் போதும். கடற்கரையில் இரண்டு மையம், உள்நாட்டில் இரண்டு, எல்லையில் ஒன்று என எடுத்துக்கொண்டு, ஒரு கல்லூரியைச் சேர்த்து மூன்று ஆண்டு நடத்திப் பார்க்கலாம். எந்த மையங்கள், என்ன கேள்விகள், எவ்வளவு செலவு என்று தமிழில் எழுதித் தர நாங்கள் தயார். ஏப்ரலில் உங்கள் குழு கூடும்போது இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலைக்குள் முதல் தவணை வந்துவிட்டால், மழை பிடிப்பதற்கு முன்னால் முதல் அளவெடுப்பை முடித்துவிட முடியும்.

இப்படிக்கு,
மாலை நேர மையங்களின் ஒருங்கிணைப்பாளர் ஒருவர்,
கடலூர்